கூப்பிடும் முறை

பிரவீன்குமார் இரண்டு வருடங்களாக ஈஸ்வரனை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தான். இது எவ்வளவு பெரிய சாதனை என்பது தமிழ் பேசுகிறவர்களுக்குத்தான் புரியும். இந்தியில் பெயருக்குப் பின்னால் ஒரு ‘ஜி’யை ஒட்டவைத்து யாரையும் சமாளித்துவிடலாம். தமிழில் வாயைத் திறந்தாலே எதிரில் நிற்கிறவர் அண்ணனா, மாமாவா, சித்தப்பாவா என்று முடிவு கட்டியாக வேண்டும். முடிவு கட்டிய கையோடு அவர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் நமக்குத் தங்கைகளாகவோ மகள்களாகவோ ஆகிவிடுவார்கள். அப்புறம் அழுதாலும் புரண்டாலும் மாற்ற முடியாது.

ஈஸ்வரன் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். அதுதான் பிரவீன்குமாரின் கஷ்டம்.

ஈஸ்வரன் ரோடு காண்ட்ராக்டர். தீவில், போர்ட் பிளேரைத் தாண்டி வண்டூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பஞ்சாயத்தில் ஊருக்குள் ஓடுகிற ரோடுகள் எல்லாம் அவர் போட்டவை. ரோட்டில் இருக்கும் பள்ளங்களும் அவர் போட்டவைதான் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஊரே அவரை ‘அண்ணன்’ என்றது. பல் விழுந்த கிழவருக்கும் அவர் அண்ணன், பால் பல் விழாத பையனுக்கும் அண்ணன். அவருடைய மகள் கார்த்திகா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிரவீன்குமார், மீன் பிடிக்கவும் டூரிஸ்டுகளை ஏற்றவும் ஓடுகிற டுங்கிப் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக். பள்ளிக்கூடத்து ஜெனரேட்டரைச் சரிசெய்யப் போன இடத்தில் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அந்த ஜெனரேட்டர் அதன் பிறகு அடிக்கடி கெட்டுப்போனது.

அன்றிலிருந்து அவன் ஈஸ்வரனை அண்ணன் என்று சொல்வதை விட்டான். அண்ணன் என்றால் அண்ணன் மகள், மகள் முறை. மாமா என்று கூப்பிட்டாலோ மனசில் இருப்பது வாசலுக்கு வந்துவிடும். சார் என்றால் அவரே முறைப்பார், “நான் என்ன ஆபீஸரா?” என்று. ஆகவே “வாங்க”, “கேட்டீங்களா”, “இந்தாங்க” என்று தலையும் வாலும் இல்லாமல் பேசிப் பழகினான். தூரத்தில் போகிறவரைக் கூப்பிட வேண்டுமானால் கூப்பிடாமல் ஓடிப் போய் முன்னால் நிற்பான். ஓட முடியாத இடத்தில் பைக் ஹாரனை அடிப்பான். அவர் அவனைத் ‘தம்பி’ என்பார். அது போகட்டும்; ஒரு பக்கம் மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரம் செல்லாது என்று அவன் தைரியமாக இருந்தான்.

இந்த நிலைமையில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது.

இந்தத் தீவுகளில் ஊர்த் தலைவருக்குப் பிரதான் என்று பெயர். பிரதானாக இருந்தவர் பிஸ்வாஸ் என்ற பெங்காலி. நல்ல மனிதர், அவருக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது, தேவையும் படவில்லை. ஏழு அண்ணன் தம்பிகள், அவர்களின் பெண்டாட்டிகள், பெண்டாட்டிகளின் அண்ணன் தம்பிகள் என்று அவர் வீட்டில் ஒரு நல்லது கெட்டதுக்குப் பந்தி போட்டால் அதுவே ஒரு வாக்குச்சாவடிக்கு ஆகும். தெலுங்குக்காரர்களும் மலையாளிகளும் ராஞ்சிக்காரர்களும் தங்கள் தங்கள் ஆளுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தில் பிஸ்வாஸ் ஜெயிப்பார். தமிழர்கள் எண்ணிக்கையில் அதிகம். அதனால் எப்போதும் தோற்றார்கள்.

“இந்தத் தடவை நம்ம ஆளுதான் பிரதான்” என்று தமிழர் ஒற்றுமைச் சங்கத்தின் தலைவராகிய ஈஸ்வரன் கூட்டம் போட்டார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் வந்திருந்தார்கள். ‘நம்ம ஆளு’ என்ற வார்த்தை எழும்பியதும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. யார் அந்த நம்ம ஆளு என்று கேட்டதும் கூரை திரும்ப அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

ரிட்டயரான கிளார்க் பாலசுப்பிரமணியத்தின் பெயரை ஒருவர் சொன்னார். அவர் திருநெல்வேலிக்காரர் என்று ராமநாதபுரத்துக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் பெயர் வந்தது. அவர் எந்த ராமநாதபுரம், கிழக்கா மேற்கா என்று உள்ளுக்குள்ளேயே சண்டை வந்தது. மதுரைக்காரர்கள் எழுந்து வெளியே போய், மழையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீவில் சாதி கிடையாது. கேட்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள், கப்பல் ஏறும்போதே கடலில் போட்டுவிட்டோம் என்பார்கள். அதனால்தான் யாரும் சாதியைக் கேட்பதில்லை, “உங்களுக்கு ஊர்ல எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்பார்கள். பக்கம் தெரிந்தால் மற்றதெல்லாம் தன்னால் தெரிந்துவிடும்.

“நம்மாளு ஜெயிக்கலேன்னாக்கூடப் பரவால்லண்ணே. அவங்காளு ஜெயிச்சிரக் கூடாது” என்று பின்வரிசையில் ஒருவர் மனசைத் திறந்து சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டம் முழுக்க ஒரே கருத்தாக இருந்தது.

அப்போது மைக் செத்துப்போனது. மூலையில் உட்கார்ந்திருந்த பிரவீன்குமார் எழுந்து போய் ஒயரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். ஈஸ்வரன் அவனையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

பிரவீன்குமாருக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பா சின்ன வயசில் கூலி வேலைக்கு வந்தவர், கடைசி வரைக்கும் “எந்த ஊரு?” என்று யார் கேட்டாலும் “கப்பல்ல வந்தேன்” என்று மட்டும் சொன்னவர். எந்தப் பக்கம் என்று அவர் மகனிடமும் சொல்லவில்லை. அந்த மனிதர் என்ன நினைத்து அப்படிச் சொன்னாரோ, அதன் பலன் இப்போது கிடைத்தது. அவன் அம்மா மீன் குழம்பில் மாங்காய் போடுவாள் என்பதால் அவன் தங்கள் பக்கம் என்று ராமநாதபுரத்துக்காரர்கள் நினைத்தார்கள். அப்பா பேசும்போது இழுப்பார் என்பதால் திருநெல்வேலிக்காரர்கள் உரிமை கொண்டாடினார்கள். யாருக்கும் உறவில்லாதவன் எல்லோருக்கும் உறவானான்.

“தம்பி நிக்கட்டும்” என்றார் ஈஸ்வரன். “ஜெயிச்சு வா தம்பி. அப்புறம் நீ என்ன கேட்டாலும் உன் பக்கம் நான் நிப்பேன்.”

பிரவீன்குமாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்ன கேட்பது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஜெயித்த மறுநாளே மாலையும் கழுத்துமாகப் போய்ப் பெண் கேட்டுவிடுவது என்று அந்த ஈர ஒயரைப் பிடித்தபடியே முடிவு செய்தான்.

பிரச்சாரத்துக்குப் பொறுப்பு ஜாஹிர். மளிகைக் கடை வைத்திருந்தான். பிரவீன்குமாருக்குச் சின்ன வயசுக் கூட்டாளி, கார்த்திகா விஷயம் தெரிந்த ஒரே ஆள். அவன் சங்கத்தைப் பற்றி அதிகம் ஆசை வைத்துக்கொள்ளாதவன். “தேர்தல் வந்தா நானும் தமிழன்டா. ஓட்டு எண்ணி முடிச்சதும் மறுபடி பாய் ஆயிருவேன். எனக்கென்ன, ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு” என்பான்.

ஜாஹிரின் திட்டம் எளிமையானது. “பிஸ்வாஸுக்கு ரத்தத்துல சொந்தம் இருக்கு. உனக்கு இல்ல. அதனால நீ வாயால சொந்தம் சேரு. பெங்காலி வீட்டுல தாதா, அவர் பெண்டாட்டி பௌதி. தெலுங்கு வீட்டுல மச்சானுக்குப் பாவா. மலையாளி வீட்டுல சேட்டா, சேச்சி. ராஞ்சிக்காரங்கள்ட்ட பையா. முறை சொல்லிக் கூப்பிட்டவனைக் கதவைச் சாத்தி அனுப்ப முடியாது.”

பிரவீன்குமார் வீடு வீடாகப் போய்ச் சொந்தம் சேர்த்தான். இரண்டு வருடம் ஒரே ஒரு ஆளைக் கூப்பிடாமல் அடைத்துவைத்த வாய், அணை உடைந்ததுபோல ஊரையே கூப்பிட்டது. சும்மா சொல்லக் கூடாது, வேலை செய்தது. பாவா என்று கேட்ட தெலுங்குக் கிழவர் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார். பெங்காலி வீடுகளில் பிஸ்வாஸின் தம்பி பெண்டாட்டியே மிஷ்டி என்று இனிப்பைக் கொடுத்து, “என் ஓட்டு அவங்களுக்குத்தான், ஆனா நீ நல்ல பையன்” என்று இந்தியில் வாழ்த்தினாள். போர்ட் பிளேரில் அச்சடித்த போஸ்டரில் மட்டும் ஒரு சின்னத் தவறு நடந்தது. பெங்காலித் தெருவுக்கு என்று எழுதிக்கொடுத்த வாசகத்தைத் தமிழிலும் அப்படியே போட்டுவிட்டார்கள். ‘உங்கள் தாதா பிரவீன்குமார்’ என்று தமிழ்த் தெருவெங்கும் ஒட்டியிருந்தது. பெங்காலியில் தாதா என்றால் அண்ணன். தமிழில் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பிரவீன்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் தமிழ்த் தெருவில் அந்தப் போஸ்டருக்குப் பிறகுதான் அவனுக்கு மரியாதையே வந்தது. இவனிடம் ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் சிக்கல் தமிழ்த் தெருவிலேயே வந்தது. மேடைகளில் பிரவீன்குமார் எல்லோரையும் முறை சொல்லி அழைத்தான், ஈஸ்வரனைத் தவிர. “பெருமதிப்புக்குரிய சங்கத் தலைவர் அவர்களே” என்பான். “காண்ட்ராக்டர் அவர்களே” என்பான். ஒருமுறை திணறிப்போய் “தீவின் விடிவெள்ளி அவர்களே” என்று கூடச் சொல்லிப் பார்த்தான். ஈஸ்வரன் மேடையிலேயே அவன் காதருகில் குனிந்தார்.

“தம்பி, ஊர்க்காரன் வீட்டுக்கெல்லாம் போய் பாவாங்கிற, பௌதிங்கிற. என்னைய ஒரு தடவை அண்ணன்னு சொன்னா என்ன? நம்ம ஜனம் ஒரு மாதிரி பேசுது.”

உண்மையில் பேசத்தான் செய்தார்கள். ஈஸ்வரன் ராமநாதபுரத்துக்காரர்; அவர் தெருவில் இருந்த ராமநாதபுரத்துக்காரர்கள் ஜாஹிரின் கடைக்கு வந்து நேராகவே கேட்டார்கள். “எங்க அண்ணனை அண்ணன்னு கூப்பிட இவனுக்கு என்ன கவுரவக் குறைச்சல்? இவன் நம்மாளுதானா? இல்ல அந்தப் பக்கமா?” அந்தப் பக்கம் என்றால் திருநெல்வேலி. ஒரு பக்கம் சாய்ந்தால் படகே கவிழும். ஜாஹிர் பிரவீன்குமாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: “கடைசிக் கூட்டத்துல அந்த ஒரு வார்த்தை வரலேன்னா அந்தத் தெரு மொத்தமும் வீட்டுக்குள்ள உக்காந்துரும். அதுல நீ தோத்துருவ. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்.”

அன்று சாயங்காலம் பிரவீன்குமார் ஜாஹிரின் கடையில் இருந்தபோது கார்த்திகா சாக்பீஸ் வாங்குவதற்கு வந்தாள். ஜாஹிர் உள்ளே அரிசி மூட்டைகளை எதற்கோ அடுக்கப் போனான். கார்த்திகா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

“நீ யாரை என்ன வேணா சொல்லிக்கோ. எங்கப்பாவை மட்டும் அண்ணன்னு சொல்லாத.”

“வெறும் வார்த்தைதானே கார்த்தி. மைக்குல சொல்றதுதான். ஜெயிச்சிட்டா அவரே…”

“வெறும் வார்த்தைன்னா ரெண்டு வருஷமா ஏன் சொல்லல?”

அவன் தராசுத் தட்டை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

“தோத்துட்டா என்ன? மெக்கானிக்காத்தானே உன்னைப் பார்த்தேன். எங்கப்பாவுக்கு ஊரு வேணும், பக்கம் வேணும், இன்னும் என்னென்னவோ வேணும். எனக்கு அதெல்லாம் வேணாம். இந்த ஒண்ணு மட்டும் செய்யி. செய்யக்கூட வேணாம், சும்மா இரு.” சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

சும்மா இருப்பது எவ்வளவு சுலபம். பிரவீன்குமாரும் அப்படித்தான் நினைத்தான். கடைசிக் கூட்டத்துக்கு மேடை ஏறும் வரைக்கும் அப்படித்தான் நினைத்தான்.

மைதானம் நிறைந்திருந்தது. மழை நின்று சேறு மட்டும் மிச்சம். கார்த்திகா பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ராமநாதபுரத்துக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். அவர்களுக்கு எதிர் ஓரத்தில் பாலசுப்பிரமணியம் தன் ஆட்களோடு நின்று, ராமநாதபுரத்துக்காரர்கள் கைதட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிரவீன்குமார் பேச ஆரம்பித்தான். ரோடு என்றான், குடிதண்ணீர் என்றான், கப்பல் டிக்கெட் என்றான். எதற்கும் சத்தம் இல்லை. கை கட்டியவர்கள் கட்டியபடியே நின்றார்கள். ஜெயிக்காவிட்டால் பெண் கேட்கவே முடியாது, கேட்க முடியாத பெண்ணுக்காக எதற்கு வார்த்தையைக் காப்பாற்றுவது, ஜெயித்தால் எதையும் மாற்றிவிடலாமே என்று அவன் மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. அரசியலுக்கு வந்து கொஞ்ச நாளே ஆகியிருந்தாலும் வாதம் சுத்தமாக இருந்தது. அவன் கார்த்திகா இருந்த பக்கம் பார்க்காமல், ஈஸ்வரன் பக்கம் திரும்பி, கையைக் கூப்பினான்.

“எனக்கு அப்பா இல்ல. கூடப் பொறந்தவங்க இல்ல. இனிமே எனக்கு எல்லாமே என்னோட அண்ணன்தான். என் கூடப் பொறக்காத அண்ணன், ஈஸ்வரன் அண்ணன்!”

கைகள் அவிழ்ந்தன. விசில் பறந்தது. பட்டாசு வெடித்தது, ஈரப் பட்டாசு, அதனால் பாதிதான் வெடித்தது. ஈஸ்வரன் அவனைக் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் மறுபடி திரும்பிப் பார்த்தபோது முன்வரிசையில் கார்த்திகாவின் நாற்காலி காலியாக இருந்தது. வீட்டில் ஏதாவது வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மனிதன் தனக்கே பொய் சொல்லும்போதுதான் எவ்வளவு நன்றாகச் சொல்கிறான்.

பிரவீன்குமார் ஜெயித்தான். கொஞ்சமாகத்தான், ஆனால் ஜெயித்தான். வரலாற்றில் முதல்முறையாகத் தமிழர்கள் ஒன்றுபட்டார்கள் என்று சங்கம் பேனர் கட்டியது. ஒன்றுபட்டது யாரால் என்பதில் அன்று ராத்திரியே சங்கம் இரண்டாக உடைந்தது.

மறுநாள் காலையிலிருந்தே சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அவன் வாயால் சேர்த்த சொந்தமெல்லாம் கால் முளைத்து வாசலில் நின்றது. மேடையில் ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டவர்களில் ஒருத்தியான தமிழ்த் தெருச் சொர்ணம்மா தன் பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்த்துவிட்டு, தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்துக் குத்த வேண்டும் என்று வந்து நின்றாள். தாய்மாமன் என்றால் சீர் வேண்டும், புதுத்துணி வேண்டும். தெலுங்குப் பாவா தன் மகனுக்குப் பஞ்சாயத்தில் வேலை கேட்டார். பிரவீன்குமார் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தட்டில் பூவும் பழமும் வைத்து, ஜாஹிரையும் கூட்டிக்கொண்டு ஈஸ்வரன் வீட்டுக்குப் போனான்.

ஈஸ்வரன் தட்டைப் பார்த்தார். ஜாஹிரைப் பார்த்தார். காபி கொண்டுவரச் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்தபிறகு, கோபமே இல்லாமல், அன்பாகச் சொன்னார்.

“என்னப்பா தம்பி இது. அண்ணன் மகளைப் போயி யாராச்சும் கேப்பாங்களா?”

“அது மேடைக்காகச் சொன்னதுங்க…”

“ஊரே கேட்டுச்சே. பெங்காலிக்காரன்கூடக் கேட்டான். உன் ஒரு வார்த்தைக்குத்தானே எங்க தெரு மொத்தமும் வந்து ஓட்டுப் போட்டுச்சு. இப்ப அது சும்மாச் சொன்னதுன்னா, அந்த ஓட்டும் சும்மாப் போட்டதா?”

ஜாஹிர்தான் பேசினான். “அண்ணே, நேராக் கேக்குறேன். முறைதான் தடையா? இல்ல வேற எதுவுமா?”

“பாய், உனக்குத் தெரியாதா? தீவுல நாங்க அதெல்லாம் பாக்குறதில்ல” என்றார் ஈஸ்வரன். பிறகு பிரவீன்குமார் பக்கம் திரும்பினார். “சரி, கேக்குறேன். உங்கப்பா எந்த ஊரு தம்பி?”

“கப்பல்ல வந்தார்.”

“ஓட்டுக்கு அது போதும்ப்பா. ஓட்டுக்கு அதுதான் வேணும். பொண்ணுக்குப் போதாது.” காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, ரொம்பவும் தன்மையாகத் தொடர்ந்தார். “ஊரே என்னைய அண்ணன்னு கூப்பிடுது. நீ ஒருத்தன் மட்டும் ரெண்டு வருஷமா என்னைய ஒண்ணுமே கூப்பிடல. ஹாரன் அடிச்சுக் கூப்பிடுற. ஏன்னு கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சண்டை போட்டிருக்கலாம், ஆளு வச்சு மிரட்டியிருக்கலாம். அதெல்லாம் அசிங்கம். நான் உன்னைப் பிரதான் ஆக்கினேன். நல்ல இடத்துல உக்காரவச்சேன். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டு வாங்கினேன். நாம நல்ல குடும்பம் தம்பி.”

வெளியே வந்ததும் ஜாஹிர் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றான். “டெண்டர் எடுக்கிற மூளைடா அது” என்று மட்டும் சொன்னான்.

பிரவீன்குமாருக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. கார்த்திகா அப்பா சொல்லுக்கு ஆடுகிற பெண் இல்லையே. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் போய் வாசலில் நின்றான். பிரதான் வந்திருக்கிறார் என்று ஹெட்மாஸ்டர் நாற்காலி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவரை அனுப்பிவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

“போர்ட் பிளேர் போயிரலாம். ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம். அவர் சொல்றதெல்லாம் சாக்கு, உனக்கே தெரியும்.”

“தெரியும். அவருக்கு வேண்டியது சாதி. அண்ணன் தம்பியெல்லாம் சாக்கு” என்றாள் கார்த்திகா. “சரி, வர்றேன்னே வச்சுக்கோ. ஊரு என்ன சொல்லும் தெரியுமா? பிரதான் அண்ணன் மகளையே கட்டிக்கிட்டான்னு சொல்லும். எங்க தெருவுல அடுத்த தடவை உனக்கு ஒரு ஓட்டு விழாது. பரவால்லையா?”

அவன் யோசித்தான்.

அதிக நேரம் ஒன்றும் யோசிக்கவில்லை. ராமநாதபுரத்துத் தெருவை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் மலையாளிகளைக் கொஞ்சம் இழுத்து ஈடுகட்ட முடியுமா என்று மனசு ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தது, அவ்வளவுதான். உடனே திரும்பி வந்து “பரவால்ல” என்றும் சொன்னான். ஆனால் அதற்குள் அவள் அவன் முகத்தைப் பார்த்து முடித்திருந்தாள்.

“எங்கப்பா வேணாம்னு சொன்னா அதை நான் கேக்க மாட்டேன் பிரவீன். அவரை எதிர்த்துட்டு வர்றதுக்குப் பையெல்லாம்கூட எடுத்து வச்சிருந்தேன். ஆனா அன்னைக்கு மைக்குல பேசுனது அவர் இல்லையே. நீதானே?” அவள் குரல் ஒரு இடத்தில் உடைந்தது; பல்லைக் கடித்துச் சரிசெய்துகொண்டாள். “வடக்க மாயாபந்தர்ல ஒரு ஸ்கூல்ல டீச்சர் இடம் காலியா இருக்கு. கேட்டிருக்கேன். எங்கப்பா ஊர்லேர்ந்து ஒரு மாப்பிள்ளை ஜாதகம் வரவழைச்சிருக்கார், அதையும் கிழிச்சுப் போட்டுட்டேன். அண்ணன் தம்பி உங்க ரெண்டு பேர் குடும்பமும் எனக்கு வேணாம்.”

அவள் கிளம்பிய நாளில் போர்ட் பிளேர் பஸ் நிற்கிற இடத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. ஈஸ்வரனுக்கு மகள் மேல் கோபம்; ஆனால் மகள் அரசாங்க வேலையாக வெளியூர் போகிறாள் என்று ஊருக்குச் சொல்லியிருந்ததால் டீக்கடையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரவீன்குமார் வந்துதான் ஆக வேண்டியிருந்தது. பிரதான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா, ஒரு பார்வை பார்க்கமாட்டாளா என்றும் இருந்தது.

கார்த்திகா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் படியில் ஏறினாள். திரும்பினாள். ஊரே கேட்கும்படி, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற தெளிவான குரலில் சொன்னாள்:

“போயிட்டு வரட்டுமா, சித்தப்பா?”

டீக்கடையில் பாலசுப்பிரமணியம் தலையை ஆட்டி வியந்தார். “பாத்தேளா, படிச்ச பொண்ணு. ஆனா முறையை மறக்கல.” சொர்ணம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண் பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜாஹிர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெங்காலிக் கண்டக்டருக்கு விஷயம் புரியவில்லை. “பிரதான்ஜி, சித்தப்பா மத்லப்?” என்று அர்த்தம் கேட்டார்.

பிரவீன்குமார் “சாச்சா” என்றான்.

“அச்சா, காக்கா! ஆப் கா கர் கா லட்கி ஹை!” உங்கள் வீட்டுப் பெண்ணா என்று கண்டக்டருக்கு ஒரே சந்தோஷம். பெங்காலியில் சித்தப்பாவுக்குக் காக்கா. பஸ்ஸுக்குள் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் காக்கா, காக்கா என்று கத்திச் சிரித்தன. கண்டக்டர் முன் சீட்டில் இருந்தவரை எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு, பிரதான் வீட்டுப் பெண்ணை மரியாதையாக ஜன்னலோரம் உட்கார வைத்தார். கார்த்திகா ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள். பஸ் அவளுடைய அப்பா போட்ட ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய் மறைந்தது.

பிரவீன்குமார் அங்கேயே நின்றான். அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் சுற்றி நின்றார்கள்.

“தம்பி, என்ன அங்கேயே நிக்கிற?” டீக்கடையிலிருந்து ஈஸ்வரன் கூப்பிட்டார். “வா, டீ சாப்பிடு.”

“வர்றேண்ணே” என்றான் பிரவீன்குமார். இரண்டு வருடம் வாயில் வராமல் பூட்டி வைத்திருந்த சொல். எங்கேயும் தடுக்காமல் வந்தது.